பீரங்கியும் ரப்பரும்

பீரங்கி என்று அவளுக்குப் பேர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். பன்னிரண்டு வயதில் டென்னிஸ் மைதானத்தில் அவள் அடித்த ஒரு சர்வ், எதிரே நின்றிருந்த அண்ணனின் கையிலிருந்து மட்டையைத் தட்டிவிட்டு, பின்னாலிருந்த கம்பி வலையில் போய்ச் சிக்கிக்கொண்டது. "இது பொண்ணா, பீரங்கியா?" என்று வாயைப் பிளந்தான் அவன். அன்றைக்கே தன் ஆட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளுக்குப் பயிற்சியாளன் ஆகிவிட்டான் என்று அண்ணி கேலி செய்வாள். கேலிதான் என்றாலும் பெரிதாகப் பொய்யில்லை.

இருபத்தாறு வயதில் அவள் உலகத் தரவரிசையில் ஐம்பத்தெட்டாவது இடத்தில் இருந்தாள். சர்வைத் தவிர மற்றதெல்லாம் சுமார் ரகம். ஓட்டம் மந்தம். வலைக்குப் பக்கத்தில் போனால் கை உதறும். ஆனால் நாலே பந்தில் ஒரு கேம் முடிந்துவிடும்போது யார் ஓடப்போகிறார்கள்? "ஓடறதெல்லாம் சர்வ் இல்லாதவங்க வேலை" என்பாள்.

தோள் அதற்கு மூன்று வருஷம் முன்பே முனக ஆரம்பித்துவிட்டது. காலையில் தலை வார வலது கை எழும்பாது. சீப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பெரிய போட்டிகளுக்கு முன்னால் ஓர் ஊசி, சின்னப் போட்டிகளுக்கு ஒட்டுப்பட்டை. "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று அண்ணனிடம் சொல்வாள். "சூடு பண்ணினா சரியாயிடும்" என்பான் அவன். அண்ணன், அண்ணி, அவள் என்று மூன்று பேர் இருந்த அந்த வீட்டில் வலி நாலாவது ஆளாகக் குடியேறியிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

ஒரு போட்டியின் இரண்டாவது சுற்றில் அது தன்னைக் காட்டிக்கொண்டது. முதல் செட் கைவிட்டுப் போயிருந்தது. இரண்டாவதில் மூன்றுக்கு நாலு. பந்தை மேலே போட்டாள், கை போனது, திரும்பவில்லை. தோளுக்குள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மட்டை தானாக நழுவித் தரையில் உருண்டது. இடது கையால் அதைப் பொறுக்கிக்கொண்டு நடுவரிடம் போனாள். விலகிக்கொள்கிறேன் என்றாள்.

தசைநாண் இரண்டு கிழிந்திருந்தன. அறுவை செய்த டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "டென்னிஸ் ஆடலாம். ஆனா அந்தப் பழைய சர்வை மறந்துடுங்க" என்றார். கழுத்துப் பட்டையில் கை தொங்கிக்கொண்டிருந்த ஆறு வாரமும் அவள் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். தன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்தாள். 'தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் தோள் வலி வந்துவிட்டது' என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அவளுக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்க அப்போது அவள் விரும்பவில்லை.

பயிற்சி வைத்தியம் செய்கிறவர் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தார். விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் அவரைச் சட்டாம்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து தடவை செய்யச் சொன்னதை ஒன்பது தடவை செய்தால் கண்டுபிடித்துவிடுவார். லிஃப்ட் கிடையாது. முட்டி உடைந்தவர்களையும் முப்பத்து நாலு படி ஏறி வரச் சொல்கிற ஒரே வைத்தியர் உலகத்திலேயே அவர்தான் என்று பேர்.

பீரங்கி முதல் நாள் படியேறி உள்ளே போனபோது, காத்திருக்கிற அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் அவளுடைய இடது கால் நீட்டி வைக்கப்பட்டிருந்தது, முட்டியின் மேல் ஐஸ் பை. மிச்சம் ஒரே நாற்காலி, அவளுக்கு நேர் எதிரில்.

அது ரப்பர்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரையிறுதியில் இருவரும் மோதியிருந்தார்கள். ரப்பருக்கு அப்படியொரு பேர் வரக் காரணம், எந்த மூலையில் அடித்தாலும் இழுபட்டுப் போய் எடுத்துவிடுவாள். அன்றைக்கு பீரங்கி ஜெயிக்க இன்னும் இரண்டு கேம்தான் பாக்கி. அப்போது ரப்பர் கையைத் தூக்கி, காயம் பார்க்கிற பிசியோவைக் கூப்பிட்டாள். முட்டிக்குக் கட்டுப் போட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷத்தில் பீரங்கியின் கை ஆறிப்போனது, ஆட்டம் கைமாறிப்போனது. தோற்ற எரிச்சலோடு நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "அவ முட்டிக்கு, தோக்கறப்ப மட்டும்தான் வலி வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வார்த்தை ஊர் ஊராகப் போனது. ரப்பர் எங்கே ஆடினாலும் கூட்டத்தில் ஒருவனாவது "முட்டி எப்படி இருக்கு?" என்று கத்துவான். பீரங்கி அதை மறந்தே போனாள். சொன்னவர்களுக்கு மறப்பது சுலபம்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் இப்போது, நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி.

ரப்பர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன திடீர்னு 'நீங்க'? போன தடவை என்னைப் பத்திப் பேசினப்ப 'அவ'ன்னுதானே சொன்ன?"

பீரங்கிக்குக் காது மடல் சுட்டது. சட்டாம்பிள்ளை உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. எனக்கு ஒரு வாய்தான் இருக்கு, எண்ணறதுக்கு" என்றார்.

அப்படித்தான் தினமும் ஆனது. பீரங்கி சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களால் சுவரில் எறும்பு ஏறுகிற மாதிரி ஏற வேண்டும். பென்சில் கோடு போட்டு அன்றன்றைய உயரத்தைச் சட்டாம்பிள்ளை குறிப்பார். பக்கத்தில் ரப்பர், ஒரு ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, எழுந்து, உட்கார வேண்டும். கோடு ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை ஏறும். சில நாள் ஏறாது. முதல் வாரம் இரண்டு பேரும் எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் ரப்பர், "உன் எறும்பு இன்னைக்கு லீவா?" என்றாள். மூன்றாவது வாரம் பீரங்கி கேட்டாள்.

"முட்டி எப்படிப் போச்சு?"

ரப்பர் உட்காருவதை நிறுத்தவில்லை. பேச்சும் மூச்சும் ஒன்றாக வந்தன. "போன வருஷம். ரெண்டாவது செட் ஆரம்பத்துலயே திருகிடுச்சு. உள்ள ஏதோ பிஞ்சு மாட்டின மாதிரி தெரிஞ்சுது. கையத் தூக்கி பிசியோவைக் கூப்பிடலாம்னு நெனச்சேன். எதிர்ல நின்னவ என்னைப் பாத்து லேசாச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சாளோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆனா எனக்கு உன் குரல்தான் கேட்டுச்சு. கைய எறக்கிட்டேன். அப்புறம் ஒண்ணேகால் மணி நேரம் ஓடினேன்."

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன். அதான் கொடுமை."

அந்த ஒண்ணேகால் மணி நேரத்தில் முட்டிக்குள் இருந்த ஜவ்வு தேய்ந்து நாசமாகியிருந்தது. அன்றே நிறுத்தியிருந்தால் ஆறு வாரத்தில் சரியாகியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னாராம். "பத்தொம்பது" என்றாள் ரப்பர். "இன்னும் ஒண்ணு."

பீரங்கி அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அண்ணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளில் எது அழப்போகிறது என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவாள். "என்ன, பெரிய மனுஷி? மூஞ்சி ஒரு முழம் நீண்டிருக்கு" என்றாள். பீரங்கி எல்லாவற்றையும் சொன்னாள். நிருபர்கள் சிரித்ததையும் சொன்னாள்.

"சரி. போய் 'தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்லிடு."

"நாலு வருஷம் கழிச்சா, அண்ணி?"

"தெருவுல பஸ் ஓட்டறப்ப நான் ஒரு நாளைக்கு நாலு பேர்கிட்டச் சொல்றேன். வாய் ஒண்ணும் கோணிடல. தட்டை இழு."

மறுநாள் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். ரப்பர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து, குழந்தை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தாள். பீரங்கி ஒரு படி கீழே, பக்கவாட்டில் நடந்தபடி பேசினாள். பந்தயத்தில்கூட அவள் அப்படித் திணறியதில்லை. "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. உனக்கு நெஜமாவே வலிச்சுதுன்னு எனக்கு... தெரிஞ்சிருக்கணும்."

ரப்பர் இன்னும் நாலு படி இறங்கினாள். பிறகு நின்றாள்.

"தப்புதான். நான் மறக்கவும் மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. முட்டிய உன்னால இழந்தேன்னு சொல்லி உனக்குப் பெருமை சேக்க மாட்டேன். கையத் தூக்காதது நான். ரோஷம் என்னுது." மூச்சு விட்டுக்கொண்டாள். "இப்ப அந்தத் தோளக் கொடு. கெட்ட தோளு இல்ல, நல்ல தோளு. இன்னும் பதினெட்டுப் படி இருக்கு."

ஐந்தாவது மாதம் சட்டாம்பிள்ளை இருவரையும் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பொது மைதானத்துக்கு அழைத்துப் போனார். சின்னப் பிள்ளைகள் ஆடுகிற பஞ்சுப் பந்து, அரைக் கோர்ட். "பீரங்கி, கை தோளுக்கு மேல போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன். ரப்பர், ரெண்டு எட்டுக்கு மேல வெச்சா நீயும் கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டு, காப்பியோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பஞ்சுப் பந்து தரையில் பட்டால் பொத் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பன்னிரண்டு வயதிலிருந்து இடிச்சத்தத்தில் ஆடிப் பழகியவளுக்கு அது அவமானமாக இருந்தது. ஆனால் ஐந்து நிமிஷத்தில் அவமானம் போன இடம் தெரியவில்லை. ரப்பர் நின்ற இடத்திலிருந்தே பந்தை அவள் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். இங்கே ஒரு தட்டல், அங்கே ஒரு தடவல். பீரங்கி நாய்க்குட்டி மாதிரி ஓடினாள். ஓடி எடுத்தும்விட்டாள்.

"ஏய், உனக்கு ஓடத் தெரியுமா?" என்றாள் ரப்பர்.

"உனக்கு இப்படிக் கை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எப்பவும் ஓடிட்டே இருந்த!"

ரப்பர் வலையின் மேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. "பாரேன். உனக்கு இருந்தது சர்வ். எனக்கு இருந்தது ஓட்டம். ரெண்டும் போச்சு. இப்ப நம்மகிட்ட மிச்சம் இருக்கறது எல்லாம் நமக்கு வராதது!"

பீரங்கியும் சிரித்தாள். தோள் குலுங்கி வலித்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. சட்டாம்பிள்ளை காப்பியைக் குடித்து முடித்தார். மறுநாளிலிருந்து அரை மணி நேரத்தை ஒரு மணி நேரம் ஆக்கினார். அந்த வாரக் கடைசியில் ரப்பர்தான் விஷயத்தை எடுத்தாள்.

"தனி ஆட்டத்துக்கு இனிமே எனக்குக் கால் கிடையாது. இரட்டையர்ல பாதி கோர்ட்டுதான். நான் வலைகிட்ட நிப்பேன். பின்னால நீ ஓடு. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க வேண்டியிருந்தது பீரங்கிக்கல்ல, அண்ணனுக்குத்தான். அவன் வேறு கணக்கில் இருந்தான். பந்தின் வேகத்தை அளக்கிற கருவியை முக்காலியில் நிறுத்தி, தினமும் அவள் சர்வை அளந்துகொண்டிருந்தான். முன்பெல்லாம் மணிக்கு நூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர் காட்டும். இப்போது நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பத்தொன்று. "நூத்தி எழுபது வரட்டும், தனி ஆட்டத்துக்குக் கிளம்பிடலாம்" என்பான். "இரட்டையரா? அது ரிட்டயர் ஆகப்போறவங்க ஆடறது. அதுவும் அந்த ரப்பரோடயா?"

எட்டாவது மாதம் ஒருநாள், அவன் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்றே அவள் பழைய மாதிரி உடம்பை வில்லாக வளைத்து அடித்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. அண்ணன் துள்ளிக் குதித்தான். அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். சட்டாம்பிள்ளை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தையல் பிரியவில்லை, ஆனால் மூன்று வாரம் மட்டையைத் தொடக் கூடாது என்றார்.

வீடு திரும்புகிற வழியில், சிக்னலில் வண்டி நின்றபோது அவள் சொன்னாள்: "அண்ணா, பீரங்கி போயாச்சு."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படிச் சொல்லாத."

"சொல்லித்தான் ஆகணும். நீ எனக்காக உன் ஆட்டத்த விட்ட. எனக்குத் தெரியும். அதனாலதான் வலிக்குதுன்னு மூணு வருஷம் உன்கிட்டச் சொல்லல. சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன். வலிக்குது. அந்த சர்வ் இனி வராது. எனக்கு வேற சர்வ் சொல்லிக் கொடு."

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் வண்டியை எடுத்தான். நாலு நாள் வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அண்ணி கேட்டால் "தலைவலி" என்றான். "தலை இருக்கறவங்களுக்கு வர்றதுதானே" என்று அண்ணி அவனுக்கு ஒரு மாத்திரையை எடுத்து வைத்தாள்.

ஐந்தாவது நாள் காலையில் மைதானத்துக்கு அவளுக்கு முன்னால் போயிருந்தான். அளக்கிற கருவியைக் காணோம். சர்வ் விழ வேண்டிய கட்டத்தின் ஓர மூலையில், கைக்குட்டை அகலத்துக்கு ஒரு டவலை மடித்துப் போட்டிருந்தான். "மூணு வாரம் முடியட்டும். கைய முழுசா மேல கொண்டு போக வேண்டாம். பந்தோட கன்னத்தைச் சீவு. வேகம் வேண்டாம். இங்க விழுந்து வெளில ஓடணும். வாங்கறவ கோர்ட்டை விட்டு வெளிய வந்துதான் எடுக்கணும். எடுத்தா பந்து எங்க வரும்?"

"நடுவுல."

"நடுவுல யாரு நிப்பா?"

"ரப்பர்."

"அவ்வளவுதான்" என்றான். டவலைக் காலால் நேராக்கிவிட்டு, "அவளையும் வரச் சொல்லு" என்றான்.

அவனை வேகம் பைத்தியம் என்று நினைத்திருந்தாள் பீரங்கி. உண்மையில் அவன் நல்ல வாத்தியார் என்பது, வேகத்தைப் பிடுங்கிவிட்ட பிறகுதான் இருவருக்குமே தெரிந்தது. டவலில் நூறு பந்துக்கு எட்டு விழுந்தது முதல் நாள். இரண்டு மாதத்தில் ஐம்பதைத் தாண்டியது. வலையருகே நிற்கிறவள் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஓரம், இரண்டு என்றால் நடு, மூடிய கை என்றால் 'நான் குறுக்கே பாயப்போகிறேன், நீ பின்னால் பார்த்துக்கொள்.' ரப்பர் சில சமயம் நாலு விரல் காட்டுவாள். "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று முதல் தடவை கேட்டபோது, "எனக்குப் பசிக்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

முதல் போட்டி, ஒரு நீச்சல் குளத்துக்குப் பின்னால் இருந்த ஐந்து கோர்ட்டில் நடந்தது. பார்க்க வந்தவர்கள் இருபது பேர். அதில் ஐந்து பேர் எதிராளிகளின் சொந்தக்காரர்கள். எதிரில் ஆடியவர்கள் பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவர். அரை மணி நேரத்தில் முதல் செட்டை இரண்டுக்கு ஆறு என்று வாரிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ரப்பரின் தலைக்கு மேல் உயரத் தூக்கி அடித்தார்கள். பீரங்கி பின்னால் ஓடி ஓடி நாக்குத் தள்ளியது.

இரண்டாவது செட்டின் மூன்றாவது கேமில் ரப்பர் ஒரு பந்துக்குத் திரும்பினாள். முகம் வெளுத்தது. ஆனால் எதுவுமே நடக்காத மாதிரி தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

பீரங்கி அவளருகே போனாள். "முட்டியா?"

"ஒண்ணுமில்ல. சர்வ் போடு."

"பிசியோவைக் கூப்பிடு."

"தோத்துட்டிருக்கோம். இப்பக் கூப்பிட்டா என்ன சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அதச் சொன்னவளே நான்தானே." பீரங்கி திரும்பிப் பார்க்காமல் நேரே நடுவரின் உயர நாற்காலிக்குப் போனாள். "என் ஜோடிக்கு முட்டி வலிக்குது. பிசியோவை வரச் சொல்லுங்க" என்று அந்த இருபது பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

எதிரில் இருந்த பெண்களில் ஒருத்தி மற்றவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பீரங்கி அதைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வயதில் தனக்கு அவ்வளவுகூடப் புத்தி இருந்ததில்லை. ரப்பர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பிசியோ கட்டுப் போட்டு முடிக்கும்வரை பீரங்கி அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, அவள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறுக்கு ஒன்று என்று இரண்டாவது செட்டும் போனது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. மொத்தம் ஐம்பத்து நாலு நிமிஷம். ஆனால் மறுநாள் காலை ரப்பரின் முட்டி லேசாகத்தான் வீங்கியிருந்தது. பத்து நாளில் மறுபடி ஆடலாம் என்றார் சட்டாம்பிள்ளை. தொலைபேசியில் அதைச் சொல்லும்போது ரப்பரின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "பத்தே நாள்" என்று இரண்டு தடவை சொன்னாள். "கூப்பிட்டா பத்தே நாள்ல முடிஞ்சிடுது, பாரேன்."

இரண்டாவது போட்டியில் ஒரு சுற்று ஜெயித்தார்கள். மூன்றாவதில் மறுபடி முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார்கள். நாலாவதில், ஒரு தொழிற்சாலையின் விளையாட்டுக் கூடத்தில், கூரைத் தகரத்தில் மழை பெய்கிற சத்தத்துக்கு நடுவே, திடீரென்று எல்லாம் பொருந்தியது. பீரங்கியின் மெதுவான சர்வுக்கு எதிராளிகளிடம் பதில் இல்லை. எல்லோரும் வேகமான பந்தை வாங்கத்தான் பழகியிருந்தார்கள். இது தயங்கித் தயங்கி வந்து, கடைசி நொடியில் ஓரமாக வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைத் துரத்தி எடுத்து அடித்தால் நடுவில் ரப்பரின் மட்டை. அவள் ஓர் எட்டு வைத்தால் போதும். தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் பீரங்கி ஓடிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயதில் ஓடக் கற்றுக்கொண்டவள், புதுச் சைக்கிள் கிடைத்த பிள்ளை மாதிரி வேண்டியதற்கும் வேண்டாததற்கும் ஓடினாள்.

இறுதிப் போட்டி கடைசி டை-பிரேக்குக்குப் போனது. பத்துப் புள்ளி எடுத்தால் முடிந்தது. ஒன்பதுக்கு ஏழு என்று இருந்தபோது சர்வ் பீரங்கிக்கு. ரப்பரின் முதுகுக்குப் பின்னால் நாலு விரல் தெரிந்தது. பீரங்கிக்குச் சிரிப்பு வந்து பந்தை மேலே போட முடியவில்லை. கீழே தட்டித் தட்டி மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டு ஓரத்துக்கே சீவினாள். வாங்கியவள் கோர்ட்டுக்கு வெளியே போய் எப்படியோ எடுத்தாள், ரப்பர் மட்டையைச் சும்மா நீட்டினாள், பந்து செத்த மாதிரி விழுந்தது. கோப்பை என்று கொடுத்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு கண்ணாடித் தட்டு. அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நூற்று எண்பத்தைந்து காட்டிய நாட்களில்கூட அவள் எந்த இறுதிப் போட்டியையும் ஜெயித்ததில்லை.

காயத்தால் வெகு நாள் ஆடாமல் இருந்தவர்களுக்கு, பழைய தரவரிசையைக் காட்டிச் சில பெரிய போட்டிகளில் நுழைய அனுமதி உண்டு. இரண்டு பேருக்கும் அந்தச் சலுகை பாக்கி இருந்தது. அந்த வருஷத்தின் மிகப் பெரிய போட்டி ஒன்றில் அதைப் பயன்படுத்தி உள்ளே போனார்கள். பதினாலாம் நம்பர் கோர்ட், காலை பதினோரு மணி. வெயிலுக்குப் பயந்து தொப்பிக்குள் ஒளிந்திருந்த முந்நூறு பேர். எதிரில் எட்டாவது தர நிலையில் வைக்கப்பட்டிருந்த ஜோடி.

முதல் செட் போனது. இரண்டாவது செட்டின் நடுவில் பீரங்கியின் தோளில் ஒரு சுரீர். அவள் உடனே ரப்பரிடம் போய்ச் சொன்னாள். மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. "லேசா இழுக்குது."

"எவ்வளவு? சட்டாம்பிள்ளை கணக்குல சொல்லு. பத்துக்கு."

"மூணு."

"மூணுன்னா ஆடலாம். அஞ்சு ஆனா சொல்லு, நிறுத்திடலாம். அடுத்த வாரமும் ஆடணும் நாம. என் முட்டி இப்ப ரெண்டு."

"மொத்தம் அஞ்சு."

"கூட்டாதடீ!" என்றாள் ரப்பர்.

இரண்டாவது செட்டை எடுத்தார்கள். மூன்றாவதை ஏழுக்கு ஐந்து என்று எடுத்தார்கள். கடைசிப் பந்தை அடித்தது பீரங்கி. ஓடிப்போய், கோர்ட்டுக்கு வெளியே விளம்பரப் பலகையில் இடித்துக்கொள்ளாத குறையாக எட்டி அடித்த ஒரு பந்து. அது யாருடைய பழைய அடி என்று அங்கிருந்த யாரும் சொல்லிவிடுவார்கள். ரப்பரே வலையருகே நின்று, "அது என்னுது! என்கிட்டருந்து திருடினது!" என்று கத்தினாள். பெஞ்சில் அண்ணி, அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு பஸ்ஸுக்கு வேறு ஆள் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த சுற்றில் தோற்றார்கள். நன்றாக ஆடித்தான் தோற்றார்கள். அதன் பிறகு வந்த செய்தியாளர் சந்திப்புக்கு நாலு பேர்தான் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் பழைய ஆள். பீரங்கியைப் பார்த்து, "நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இவங்க முட்டியப் பத்தி நீங்க ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. அது பொய். நான் எரிச்சல்ல சொன்ன பொய்" என்றாள் பீரங்கி. "இதையும் அதே மாதிரி பெரிசாப் போடுங்க."

பெரிதாகப் போடவில்லை. எட்டாம் பக்கத்தில், நாலு வரியில் வந்தது. ரப்பர் அதைக் கத்தரித்துத் தன் மட்டைப் பையின் உள்ளே ஒட்டிக்கொண்டாள்.

வருஷக் கடைசியில் இரட்டையர் தரவரிசையில் இருவரும் அறுபதுகளில் இருந்தார்கள். சட்டாம்பிள்ளை ரப்பரின் முட்டிப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாத்து ஆடினா ரெண்டு வருஷம். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். பீரங்கி படத்தைப் பார்த்துவிட்டு ரப்பரைப் பார்த்தாள். ரப்பரோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு இருபத்து நாலு போட்டி, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மேட்ச்.

"அம்பதுக்குக் கிட்ட வருது. எங்கயாவது ஜெயிச்சா அதுக்கு மேலயும்" என்றாள். "போன வருஷம் இதே நாற்காலில உக்காந்து, எனக்கு இனி ஒண்ணுகூட இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். எழுந்திரு, எழுந்திரு. கோர்ட்டு பத்தரை வரைக்கும்தான் நமக்கு. அப்புறம் அந்தச் சின்னப் பசங்க வந்துடுவாங்க."

இருவரும் படியிறங்கினார்கள். ரப்பர் இப்போது ஒரு படிக்கு ஒரு கால் வைத்தாள்.